ரயில் சத்தத்துக்கு மேலே

ஈரோடு ஜங்ஷனில் திருச்சி பாசஞ்சர் கிளம்பும்போது எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. கொடுமுடி 40 கிலோமீட்டருக்குள்தான். கரூர் போகும் பஸ்ஸில் ஏறியிருந்தால் இந்நேரம் பாதித் தூரம் கடந்திருக்கலாம். ஆனால் அந்த ஊருக்கு ரயிலில்தான் போவது என்று எனக்கு ஒரு பிடிவாதம். கே.பி. சுந்தராம்பாளின் ஊர் அது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார்.

பாசூர் தாண்டியதும் கண் தெரியாத ஒருவர் பாடிக்கொண்டே வந்தார். கழுத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கையில் மைக், பின்னணி இசையெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பழைய எம்.ஜி.ஆர். பாட்டு. நன்றாகவே பாடினார். எங்கள் இருக்கைக்கு வரும்போது பெட்டியில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. ஒரு தட்டு தட்டிப் பார்த்தார், அசையவில்லை. மைக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறும் குரலில் பாடியபடி நகர்ந்தார். இரண்டு இருக்கை தள்ளிப் போனதும் அவர் வாய் அசைவது தெரிந்தது, பாட்டு கேட்கவில்லை. சக்கரச் சத்தம் அதை அப்படியே விழுங்கிவிட்டது.

இத்தனைக்கும் இது மின்சார ரயில். தண்டவாளத்தை நீள நீளமாக வெல்டு செய்து போட்டிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே தடத்தில் ஓடியது கரி எஞ்சின். ஒவ்வொரு இணைப்பிலும் தடக் தடக்கென்று இடிக்கும். விசில், நீராவிச் சீறல், மூன்றாம் வகுப்புப் பெட்டியின் சந்தை இரைச்சல். அதற்கு மேலே ஏறி நின்று ஒரு சிறுமியின் குரல் பெட்டி முழுக்கக் கேட்டிருக்கிறது என்றால், அந்தக் குரல் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்? சுந்தராம்பாளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'கணீர்க் குரல்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

பிறந்தது 1908இல். தகப்பன் துணை சீக்கிரமே போய்விட்டது. தாய் பாலாம்பாள்தான் வளர்த்தார். ரயிலில் பாடிய பெண்ணை அடையாளம் கண்டவர் எஃப்.ஜி. நடேச ஐயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி, நாடகப் பித்தர், திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர். எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவரும் அவரே. போலீஸ் அதிகாரி ஒருவர்தான் முதலில் கண்டார் என்று வேறு பாடமும் உண்டு. யார் கண்டால் என்ன, பெண் போய்ச் சேர்ந்த இடம் வேலு நாயர் நாடகக் கம்பெனி. அங்கே நல்லதங்காள் நாடகத்தில் மூத்த பிள்ளை வேஷம், அதாவது பையன் வேஷம். பசிக்கிறது என்று அம்மாவிடம் அழுது பாட வேண்டும். அந்தப் பாட்டுக்கு அந்தப் பிள்ளைக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

ஊஞ்சலூர் வந்தது, போனது. இரண்டு பக்கமும் மஞ்சள், கரும்பு, வாழை. காலிங்கராயன் வாய்க்கால் இந்தப் பக்கம்தான் வந்து முடிகிறது. பச்சை கண்ணை விட்டு அகலுவதற்குள் கொடுமுடி ஸ்டேஷன்.

ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் இறங்கியதுமே ஒரு ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்ணா, எங்கீங்க போகோணும்? பரிகாரமுங்களா, தீர்த்தமுங்களா?" இந்த ஊருக்கு வெளியாள் வருவது இந்த இரண்டுக்குத்தான். மகுடேசுவரர் கோயில் வளாகத்தில் சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் இருப்பதால் மும்மூர்த்தி தலம். நாகதோஷம், ராகு கேது, திதி என்று நாள் முழுக்கக் கூட்டம். இன்னொரு கூட்டம் காவடிக்காரர்களுடையது. கொங்குநாட்டு ஊர்களிலிருந்து வந்து காவிரித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு, வன்னி இலையைப் போட்டுக் கட்டி, பழனிக்கு நடந்தே கொண்டுபோவார்கள்.

"சுந்தராம்பாள் வீடு எங்கே இருந்தது என்று தெரியுமா?" என்றேன்.

"எந்தச் சுந்தராம்பாளுங்க?"

"பாட்டுக்காரம்மா. கே.பி. சுந்தராம்பாள்."

அவர் யோசித்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. "ஓ, அந்த ஞானப்பழப் பாட்டுப் பாட்டியிங்களா! அவிய இந்த ஊருங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு அவர் பாட்டிதான். எனக்கும் அப்படித்தான். யாருக்குமே சுந்தராம்பாள் இளம்பெண்ணாக மனதில் வருவதில்லை. வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். அதற்கு முன்னால் ஒரு சுந்தராம்பாள் இருந்தார். அவரைத் தேடித்தான் நான் வந்தது.

கோயில் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர், நான் ஆட்டோக்காரரிடம் பேசியதைக் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்னங்க தெரியும்? அந்தம்மா இங்க தியேட்டரே கட்டுனாங்க. கே.பி.எஸ். தியேட்டரு. எத்தன எம்.ஜி.ஆர். படம் பாத்திருப்பன் அதுல! எங்கப்பாரு ஔவையார் படம் பாக்கறதுக்கு வண்டி கட்டிக்கிட்டு ஈரோடு போனாருங்க. எங்க ஆத்தாளையும் கூட்டிக்கிட்டு. அவிய ரெண்டு பேரும் சேந்து பாத்த ஒரே படம் அதுதானுங்க" என்றார். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, "கே.பி.ன்னா என்ன தெரியுமுங்களா?" என்று எனக்குப் பரீட்சை வைத்தார்.

தெரியும். கொடுமுடி பாலாம்பாள். ஊர்ப் பெயர், அப்புறம் அம்மா பெயர். அப்பா பெயரின் முதலெழுத்துக்கு அங்கே இடமில்லை. அம்மா பெயரைத் தலைப்பெழுத்தாகப் போடுவது இப்போது ஒரு கொள்கையாகப் பேசப்படுகிறது. சுந்தராம்பாள் அதைப் பற்றி எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. இசைத்தட்டிலும் சினிமா போஸ்டரிலும் அப்படியே போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கோயிலுக்குள் வன்னி மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மூவாயிரம் வருஷ மரம் என்கிறார்கள். வயது எப்படியோ, பட்டையைப் பார்த்தால் கிழட்டு யானையின் தோல் மாதிரி இருக்கிறது. அடியில் மூன்று முகப் பிரம்மா. சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடியது இந்தத் தலத்தில்தான். பாட்டு இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் சுந்தராம்பாளை வளர்த்த பாட்டு கோயில் பாட்டு இல்லை, ஸ்பெஷல் நாடகப் பாட்டு. அதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குரல் எதற்காக அப்படி வளர்ந்தது என்பது புரியாது.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஊர்க்காரர்கள் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போட வேண்டும் என்று முடிவு செய்தால், ஏஜெண்டிடம் போய் ராஜபார்ட் இவர், ஸ்திரீபார்ட் இவர், பபூன் இவர், ஆர்மோனியம் இவர் என்று தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார். வேலனும் வள்ளியும் அன்றைக்கு இரவுதான் மேடையில் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுகூட உண்டு. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, எதிரே நிற்கிற ஆள் எந்த இடத்தில் எதை எடுத்து வீசப்போகிறார் என்பது. அவர் ஒரு ராகத்தை இழுத்தால் இவர் அதற்கு மேலே ஒரு பிடி பிடிக்க வேண்டும். வள்ளிக்கும் நாரதருக்கும், வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம் என்றே ஒரு கட்டம் உண்டு. சண்டைதான். பாட்டாலும் வசனத்தாலும் போடும் சண்டை. இளைத்தவர் மேடையிலேயே அவமானப்படுவார். ஜனங்கள் சீட்டியடித்துக் கேவலப்படுத்திவிடுவார்கள்.

மைக் இல்லை. கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். அதனால்தான் அத்தனை உச்ச சுருதி. மெல்லிய குரலுக்கு அங்கே பிழைப்பில்லை. இன்றைக்கு அந்த இசைத்தட்டுகளைக் கேட்கிறவர்கள், ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று முகம் சுளிப்பதுண்டு. ஆயிரம் பேர் இருக்கும் கொட்டகைக்கு வெறும் தொண்டையால் பாடிப் பார்த்துவிட்டு அப்புறம் சுளிக்கலாம்.

அந்தக் காலத்தில் அப்படிப் பாடியவர்களுக்கெல்லாம் தலைவர் எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டைக்காரர், 1906இல் பிறந்தவர், கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகத்தால் பேர் பெற்றவர். அவர் பக்கத்தில் நின்று பாட எந்த நடிகைக்கும் தைரியம் கிடையாது என்பது பேச்சு. 1926இல் கொழும்பில் சுந்தராம்பாளின் நாடகங்கள் அமோகமாக நடந்துகொண்டிருந்த சமயம் கிட்டப்பாவும் அங்கே வந்தார். இவளோடு சேர்ந்து நடிக்கப்போகிறாயா, உன்னைப் பாட்டிலே அடித்துவிடுவாள் என்று அவரிடம் சிலர், அந்த ஆளோடு மேடை ஏறாதே என்று இவரிடம் சிலர். இருவரும் ஏறினார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் அதுவரை மேடையில் ஈடு கிடைக்கவில்லை, அன்றைக்குக் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது என்று நான் நினைக்கிறேன். அதைக் காதல் என்று சொன்னாலும் சரிதான்.

1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே செங்கோட்டையில் மனைவி இருந்தார். சேர்ந்து நடித்த வருஷங்களில் பணமும் புகழும் கொட்டியது. பிறந்த குழந்தை தங்கவில்லை. பிணக்கு, பிரிவு, குடி, நோய். இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பின்னால் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும், சுந்தராம்பாள் கெஞ்சுகிற இடங்களிலும் ஒரு தர்க்கம் ஓடிக்கொண்டே இருக்கும். வள்ளி வேஷம் போட்டவர் அல்லவா. 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை 1980இல் சாகும்வரை அவர் மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். கைம்பெண்ணை மூலையில் உட்காரவைக்க ஊருக்கு அந்தக் காலத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இவர் மூலைக்குப் போகவில்லை. வெள்ளைப் புடவையோடு மறுபடி மேடைக்கு வந்தார். வந்து, ஆண் வேஷம் போட்டார்.

நந்தனார் படம் அப்படி வந்ததுதான். அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் விடாமல் துரத்த, ஆளை விரட்டுவதற்காக இவர் 1 லட்சம் ரூபாய் கேட்டார், அவர் சரியென்று சொல்லிவிட்டார் என்பார்கள். 1935இல் 1 லட்சம். தமிழ் நடிப்புத் தொழிலில் அதுவரை யாரும் அப்படியொரு தொகையைக் கேள்விப்பட்டதில்லை. இவர் நந்தனார், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியர். முடிவில் வேதியர் நந்தனை வணங்க வேண்டிய கதை. படம் எதிர்பார்த்த மாதிரி ஓடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதைக் கிண்டலால் கிழித்துத் தொங்கவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேஷங்களைக் கோயில் பிரகாரத்தில் நடந்தபடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மணிமேகலை, துறவி. ஔவையார், கிழவி. பூம்புகாரில் கவுந்தியடிகள், அவரும் துறவி. திருவிளையாடலிலும் கந்தன் கருணையிலும் மறுபடி ஔவை. காரைக்கால் அம்மையார், பேயுரு. கிழவியாக்கு என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கியவள் ஒருத்தி, பேயுரு கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கியவள் ஒருத்தி, ராஜகுமாரன் பின்னால் அலைய வேறு உருவம் எடுத்துத் தப்பியவள் ஒருத்தி. அழகையும் இளமையையும் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த பெண்கள் தமிழில் யார் யார் உண்டோ, அவர்களெல்லாம் வரிசையாக வந்து இவர் மேல் இறங்கியிருக்கிறார்கள். 1953 ஔவையாரில் இளம்பெண் ஔவைக்குக் குசலகுமாரி. 1973 காரைக்கால் அம்மையாரில் இளமைக்கு லட்சுமி. இளமை வருகிற இடத்துக்கு வேறொருத்தி, அது போனதும் இவர். தமிழ் சினிமாவில் கதாநாயகியாக ஒரு நாள்கூட இருக்காமல் கதாநாயகியைவிட அதிகம் வாங்கிய ஒரே நடிகை இவராகத்தான் இருப்பார். ஜோடி இல்லாமல் ஒரு பெண் திரையில் நிற்பதற்கு அன்றைக்கு இருந்த ஒரே வழி பக்தி. அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். பக்தியும் பொய்யில்லை, சரியான முருக பக்தை. ஆனால் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பிவிடக் கூடாது.

நடிகையாக அவர் எப்படி? உண்மையைச் சொன்னால், முகம் அதிகம் அசையாது. கை ஒரே மாதிரி எழுந்து ஒரே மாதிரி இறங்கும். நாடக மேடையில் முகம் யாருக்கும் தெரியாது, அதனால் அதை வைத்துச் செய்யும் வேலையை அவர் கற்றுக்கொள்ளவே இல்லை போலும். எல்லா நடிப்பும் தொண்டையில்தான். பூம்புகாரைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கருணாநிதி எழுதிய வசனம், பகுத்தறிவுக்காரர் பேனாவில் பிறந்த சமணத் துறவி, அதைப் பேசும் முருக பக்தை. இந்த விசித்திரத்தை மறந்துபோகும்படி ஒரு வசனத்தை அவர் தொடங்கும்போது, மற்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒத்திகையில் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. திருவிளையாடலில் அவர் வருவது சில நிமிஷம்தான். சிவாஜியும் சாவித்திரியும் நாகேஷும் இருக்கிற படத்தில் அந்தச் சில நிமிஷத்தை வைத்துத்தான் ஆட்டோக்காரர் அவரை அடையாளம் கண்டார்.

அரசியலும் உண்டு. சத்தியமூர்த்தி கேட்டுக்கொண்டதற்காகக் காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார், காந்தியைப் பற்றிய இசைத்தட்டுகள் வீடு வீடாகப் போயின. 1951இல் சென்னை சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினர். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் போனவர்களில் இவர்தான் முதல் ஆள் என்பார்கள். காந்தி கொடுமுடிக்கு வந்து இவர் வீட்டில் சாப்பிட்டதையும், சாப்பாட்டோடு தங்கத் தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனதையும் டீக்கடைப் பெரியவர் கண்ணால் பார்த்தது மாதிரி சொன்னார். அப்போது அவர் பிறந்திருக்கவே மாட்டார். 1970இல் பத்மஸ்ரீ, துணைவன் படத்துக்காகப் பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. விருதுகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

சாயங்காலம் படித்துறைக்குப் போனேன். தெற்கே பார்த்து வந்த காவிரி இந்த இடத்தில் கிழக்கே திரும்புகிறது. நடு ஆற்றில் அகத்தியர் பாறை. ஒரு காவடிக் கோஷ்டி தீர்த்தம் எடுக்க வந்து இறங்கியிருந்தது. பித்தளைக் குடங்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பாட்டி, சணல் சாக்கில் வன்னி இலையும் பூவும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். குடத்துக்குப் போட ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளச் சொன்னார். குடம் இல்லையே என்றேன். "பாட்டில்ல புடிச்சுக்கங்க சாமி, ஆரு வேண்டாங்கறா?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. படியில் உட்கார்ந்து போனில் அவர் குரலைத் தேடி எடுத்தேன். பழைய இசைத்தட்டு, வள்ளி திருமணப் பாட்டு ஒன்று. இருபது வயதுக் குரலாக இருக்க வேண்டும். ஊசி உரசும் ஓசைக்கு நடுவிலிருந்து அது எழுந்து மேலே போகப் போக, போனின் சின்ன ஸ்பீக்கர் தாங்காமல் கரகரத்தது. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

"ஆரு கண்ணு அது பாடறது?" என்று பாட்டி கேட்டார்.

"உங்க ஊர் சுந்தராம்பாள்தான், ஆத்தா."

"அந்தம்மாளா? சின்னப் புள்ளக் கொரலாட்ட இருக்குது?" சாக்கிலிருந்து எழுந்து இரண்டு படி இறங்கி வந்தார். "கேக்கலையே. இன்னும் கொஞ்சம் சத்தமா வெய்யி."

ஏற்றினேன். கரகரப்பு அதிகமாயிற்று. குடம் கழுவுகிறவர்களின் பேச்சும் ஆற்றுச் சத்தமும் வேறு. "இதுக்கு மேல ஏறாது ஆத்தா" என்றேன்.

"அப்பறம் இத்தாம் பெரிய போனு எதுக்கு வெச்சிருக்கற? இங்க குடு."

வாங்கிக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தானாகவே தொடங்கியது. ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஊதுவது கேட்டது. என்னுடைய வண்டியா, எதிர்த்திசை வண்டியா தெரியவில்லை. நேரம் பார்க்கலாமென்றால் போன் அவர் காதில் இருந்தது.